ஒலிநாடாவும் மாத்திரையும்

எழுத்தின் அளவு திரியின் பொருளும் திரியும் என்பது இலக்கண மாணவர் யாவரும் அறிந்ததே. 'கல்' என்பதை நீட்டி ஒலிப்பின் 'கால்' ஆகின்றது. இவ்வுண்மை பழைய வீட்டுக் கணிப்பொறியின் ஒலிநாடாவிற்கும் பொருந்துமாற்றை ஈண்டு ஆராய்வோம்.

1982-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சிங்க்ளேர் நிறுவனத்தார் 'ஸ்பெக்ட்ரம்' என்னும் சிறு கணிப்பொறியை வெளியிட்டனர். பின்னர்ப் புணே நகரத்து டெசிபெல்ஸ் நிறுவனத்தார் அவ்வினப் பொறியை நம் நாட்டிலும் விற்றனர். மின்சாரம் நின்றவுடன் எழுதிய நிரலை மறந்துவிடுவது அதன் இயல்பு. ஆதலின் நிரலைச் சாதாரண டேப் ரிக்கார்டரின் துணைகொண்டு கேசட்டில் ஒலியாகப் பதிந்து வைத்தனர்.

அவ்வொலியின் இலக்கணம் எளிது. கணிப்பொறி அறிவன சுழியம், ஒன்று என்னும் இரண்டே. சுழியத்தைக் குறிக்கும் ஒலியலை ஏறக்குறைய அரை மில்லி வினாடி நீளும்; ஒன்றைக் குறிப்பது அதன் இரு மடங்கு. குறிலுக்கு ஒன்றும் நெடிலுக்கு இரண்டும் என மாத்திரை வகுத்த நம் மரபு நினைவிற்கு வருகின்றதன்றோ? தொகுதியின் ஈற்றில் சரிபார்க்கும் எண் ஒன்று உண்டு. அது பொருந்தாவிடின் 'டேப் லோடிங் எரர்' என்னும் செய்தி தோன்றும். பிழை எங்கே நேர்ந்தது என்பதை அச்செய்தி உரையாது.

எனினும் திரையின் ஓரம் உரைக்கும். சிவப்பும் வெளிர்நீலமும் முழு ஓரத்தையும் மெல்ல மாறி மாறி நிரப்புவதோடு நின்றால், ஒலி பொறியை எட்டவில்லை என்க. இணைப்புக் கம்பியையும் ஒலியளவையும் நோக்குக. அவ்விரு நிறங்களும் கோடுகளாகித் தொடர்ந்து நீலமும் மஞ்சளுமான மெல்லிய கோடுகள் தோன்றிய பின்னர்ப் பிழை வரின், ஒலி எட்டியும் அளவு திரிந்தது என்க. இதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்று: காந்தத் தலையில் படிந்த அழுக்கு, அத்தலையின் சாய்வு மாறுதல், ரப்பர் பெல்ட் தளர்ந்து வேகம் தடுமாறுதல். முதலில் தலையைத் தூய சாராயம் தோய்ந்த பஞ்சினால் துடைக்க. பின்னும் பிழை நீங்காவிடின், தலையருகே உள்ள திருகாணியை மிகச் சிறிதே திருப்பி, ஒலி மிகக் கூர்மையாகக் கேட்கும் நிலையில் நிறுத்துக. தளர்ந்த பெல்ட்டை மாற்றுதலன்றி வேறு வழியில்லை.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரம் வாழும் நமக்கு மற்றொரு பகையும் உண்டு. ஈரமான உப்புக் காற்று இணைப்புகளின் உலோகத்தை அரிக்கும். நாடாவில் பூஞ்சையை வளர்க்கும். நாடாவில் வெண்பூஞ்சை காணின் அதனை ஓட்டலாகாது. ஓட்டின் பூஞ்சை தலையில் ஒட்டி அடுத்த கேசட்டிற்கும் பரவும். நல்ல கேசட்டுகளை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய பெட்டியில் வைத்தல் நலம்.

கடைகளில் விற்ற விளையாட்டுகள் பல பிரதிகளாய்ப் பரவின; ஒன்று அழியினும் மற்றொன்று கிடைக்கும். ஒரு மாணவன் அக்காலத்தில் தானே எழுதிய நிரலோ அவ்வொரு கேசட்டில் மட்டுமே உறைகின்றது. ஆதலின் அதன் முதுகிலுள்ள சிறு தகட்டை முதலில் உடைத்து, மேற்பதிவு நேராவண்ணம் காக்க. பின்னர் அதன் ஒலியை இக்காலக் கணினியில் கோப்பாகப் படியெடுத்து, சோதனைகளையெல்லாம் அப்படியின் மீதே செய்க. மூல ஏட்டில் கைவையாது படியில் திருத்துவதே பதிப்பாசிரியர்க்கு அழகு. படிக்க இயலாத நாடாவை வெறுமையானதென்று எறிந்துவிடாமல், படிக்கும் கருவியை முதலில் ஐயுறுவோமாக.