வளர்ப்பு நாய் கடித்தால்: உரிமையாளர் முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

வளர்ப்பு நாய் யாரையாவது கடித்து விவகாரம் காவல் நிலையம் போனால், அதை வைத்திருந்தவர் என்ன முன்னெச்சரிக்கை எடுத்திருந்தார் என்பதே முதல் கேள்வி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தன் பொறுப்பிலுள்ள விலங்கால் உயிராபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்ற நிலையில், தகுந்த பாதுகாப்பைத் தெரிந்தே செய்யாமல் விட்டாலும் அலட்சியத்தால் விட்டாலும் குற்றம் என்கிறது. 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய தண்டனைச் சட்டத்தில் அபராதம் 1,000 ரூபாய்தான். ஊருக்குப் போனவரின் நாயைப் பார்த்துக்கொள்ளும் உறவினர்கூட இதில் சிக்கலாம்.

ஆகவே முதல் படி, எடுத்த கவனத்துக்குச் சான்று வைத்திருப்பது. ஆண்டுதோறும் ரேபிஸ் தடுப்பூசி போட்டுச் சான்றிதழை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளாட்சி உரிமத்தைக் காலாவதியாக விடாதீர்கள். இரண்டாவது, வெளியே கூட்டிப்போகும்போது குட்டையான கயிறு, முரட்டு நாயென்றால் வாய்மூடி, இழுத்தால் தாங்கக்கூடிய பெரியவரின் கை. மூன்றாவது, வாசல் கேட். சாமான் கொண்டுவருபவர் உள்ளே வருமுன் நாயைக் கட்டிவிடுங்கள். கவனம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வைலர் இன நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் குதறியதில் உரிமையாளர் கைதானார்.

‘இதுவரை யாரையும் கடித்ததில்லை’ என்பது பலரும் சொல்லும் சமாதானம். அது தண்டனையைக் குறைக்க உதவலாம். ஆனால் அலட்சியமே குற்றமாகும்போது, முதல் கடி என்பதால் மட்டும் விடுதலை கிடைத்துவிடாது. ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகையும் முழுக் கவசமில்லை. ஆபத்து உங்களுக்குத் தெரிந்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சியாகலாம். ‘ஆபத்தான இனங்களைத் தடை செய்தால் போதாதா?’ என்றும் கேட்கலாம். 23 இனங்களைக் குறிவைத்த மத்திய அரசின் சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ரத்து செய்தது. தடை நிலைத்திருந்தாலும், பட்டியலில் இல்லாத நாட்டு நாயை அவிழ்த்துவிட்டவரின் பொறுப்பு அதனால் குறைந்திருக்காது. கடிபட்டவர் சீண்டியிருந்தால் இழப்பீடு குறையலாம். விவரமறியாத குழந்தையிடம் அந்த வாதம் எடுபடுவது கடினம்.

கடித்த பிறகு முதல் வேலை, காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, ஆளை மருத்துவமனைக்கு அழைத்துப்போவது. ‘எங்கள் நாய்க்கு ஊசி போட்டாச்சு’ என்று தடுக்காமல் சான்றிதழை மருத்துவரிடம் கொடுங்கள். கடிபட்டவருக்கு ஊசி தேவையா என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும். அடுத்து, நாயைக் கட்டிவைத்து 10 நாள் கவனியுங்கள். பயந்துபோய் எங்காவது விட்டுவிட்டு வந்தால், ரேபிஸ் உண்டா என்று அறியும் வழி அடைபடும்; பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி தனிக் குற்றம்.

மருத்துவச் செலவை உடனே ஏற்று, ரசீதுகளின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். அதோடு எல்லாம் முடிந்ததென்று எண்ண வேண்டாம்: 291ஆம் பிரிவுக் குற்றத்துக்குப் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம், கடிபட்டவர் இழந்த கூலிக்கும் வேதனைக்கும் உரிமையியல் நீதிமன்றத்தில் தனியே இழப்பீடு கேட்கலாம். சில செல்லப்பிராணிக் காப்பீடுகளில் பிறருக்கு நேரும் பாதிப்புக்கும் இடமுண்டு. பாலிசி எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். ஆனால் காப்பீடு ஈடுசெய்வது பணத்தை மட்டும்தான். சிறைத் தண்டனைக்கு எதிரான பாதுகாப்பு, கேட்டைச் சாத்துவதிலும் கயிற்றைப் பிடிப்பதிலும்தான் இருக்கிறது.