நாத்தானின் கதை நாலு வசனம்தான்

அன்புள்ள மருமகனுக்கு,

அத்தை பாளையங்கோட்டையிலிருந்து எழுதுவது.

வெள்ளிக்கிழமை ராத்திரி உன் வீட்டில் கூடுகிற வாலிபர் குழுவில் வேதபாடம் சப்பென்று ஆகிவிட்டது என்று எழுதியிருந்தாய். என்ன கேட்டாலும் 'ஜெபிக்கணும், வேதம் வாசிக்கணும்' என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டு மணி பார்க்கிறார்களாம். சினிமாக் காட்சி ஒன்றைப் போட்டுப் பேச்சைத் தொடங்கலாமா, பெரியவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்களா என்றும் கேட்டிருந்தாய். தாராளமாகப் போடு. எதற்காகப் போடுகிறாய் என்பதில் மட்டும் தெளிவாக இரு.

முகம் சுளிக்கிற பெரியவர்களுக்கு வேதநாயக சாஸ்திரியாரை ஞாபகப்படுத்து. 1774-ல் நம் திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, தஞ்சாவூரில் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். குறவஞ்சி அந்தக் காலத்து ஜனங்கள் கூட்டம் கூட்டமாய் ரசித்த ஆட்டம். தலைவி காதலில் ஏங்குவாள், குறத்தி வந்து கை பார்த்துக் குறி சொல்வாள். அதைத்தான் எடுத்து அவர் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். அவருடைய கீர்த்தனைகளைக் கண்மூடிப் பாடுகிறவர்கள் உன் லேப்டாப்பைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஆண்டவரே ஊர்ச் செய்தியை வைத்துப் பேசியிருக்கிறார். லூக்கா 13 எடுத்துப் பார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்த விஷயம் அன்றைக்கு எல்லார் வாயிலும் இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி, செத்தவர்களின் பாவக் கணக்கைப் பார்க்கிற கண்ணை அப்படியே கேட்கிறவர்கள் பக்கம் திருப்பிவிட்டார்.

அந்தத் திருப்பம்தான் உன் வேலை. படத்தைத் தூண்டில் புழுவாக வைத்துப் பிள்ளைகளைப் பிடித்து, பிறகு நீ முன்னமே முடிவு செய்து வைத்த பாடத்தை ஊட்டினால், இரண்டாம் வாரமே கண்டுபிடித்துவிடுவார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளம்பரம் என்றால் மோப்பத்திலேயே தெரியும்.

இன்னொன்று, கதாநாயகனுக்குள் இயேசுவைத் தேடுகிற விளையாட்டு வேண்டவே வேண்டாம். யாராவது அடி வாங்கிக் கையை விரித்துக் கிடந்தால் போதும், 'இது சிலுவை' என்பார்கள். மிஷ்கின் படம் என்றால் தலைப்பிலேயே ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொள்வார்கள். சொன்னவருக்கும் சந்தோஷம், கேட்டவர்களுக்கும் சந்தோஷம். ஒருவர் மேலும் ஒரு கீறல்கூட விழாமல் வீட்டுக்குப் போய்விடலாம்.

இதில் எனக்கு வாத்தியார் நாத்தான் தீர்க்கதரிசி. 2 சாமுவேல் 12-ல் தாவீதிடம் போய் ஒரு ஏழையையும் அவனுடைய ஒற்றை ஆட்டுக்குட்டியையும் பற்றிச் சொல்கிறான். கதை நாலே வசனம். பத்சேபாள் பேச்சையே எடுக்கவில்லை. தாவீதுக்குக் கோபம் வந்து தீர்ப்புச் சொல்லி முடித்த பிறகுதான், அந்த ஆட்டுக்குட்டியைப் பறித்த மனுஷன் யார் என்பது தெரிகிறது. நல்ல காட்சி செய்கிற காரியமும் இதுதான். நாம் உஷாராவதற்கு முன்பே நம்மைக் கோபப்படவோ கண் கலங்கவோ வைத்துவிடுகிறது. அந்தச் சூடு ஆறுமுன் வேதத்தைத் திறந்துவிட வேண்டும். அதனால் முழுப் படம் போடாதே. மூன்று நான்கு நிமிஷக் காட்சி போதும். இரண்டரை மணி நேரம் படம் பார்த்துவிட்டுக் கலாத்தியரை எடுத்தால் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள், மீதிப் பேர் பின்னணி இசையைப் பற்றிப் பேசுவார்கள். (டெலிகிராமில் இறக்கிய திருட்டுப் பிரிண்டும் வேண்டாம். வேதபாடத்துக்காக எட்டாம் கற்பனையை மீறினோம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.)

முதல் வாரத்துக்கு 'மெய்யழகன்' எடுத்துக்கொள். 2024-ல் வந்த பிரேம்குமார் படம். உன் குழுவில் பாதிப் பேராவது பார்த்திருப்பார்கள். கார்த்தி அவ்வளவு பாசத்தைக் கொட்டுகிறார், அரவிந்த்சாமிக்கோ அவர் பேர்கூட ஞாபகம் வரவில்லை. கடைசியில் வெட்கம் தாங்காமல் ராத்திரியோடு ராத்திரியாகச் சொல்லாமல் கிளம்பிவிடுகிறார். அந்த இடத்தில் நிறுத்து. 'ஏன் ஓடினார்?' என்று மட்டும் கேள். பிறகு யோவான் 13-ல், தன் காலைக் கழுவவிடாமல் பேதுரு மறுக்கிற பகுதியை வாசி. அன்பு செய்ய வேண்டும் என்று ஓய்வுநாள் பள்ளியிலிருந்து கேட்டு வளர்ந்த பிள்ளைகள், அன்பை வாங்கிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்பதை யாரும் பேசிக் கேட்டிருக்க மாட்டார்கள். அன்றைக்கு நீ அதிகம் பேசத் தேவையிருக்காது.

கொஞ்சம் பழகியபின் 'பரியேறும் பெருமாள்'. மாரி செல்வராஜின் முதல் படம், 2018. நம் ஊர்க் கதை, நம் ஊர் சட்டக் கல்லூரி. கல்யாண மண்டபக் காட்சியைப் போடாதே. அதில் அடிக்கிறவர்களைத் திட்டிவிட்டு எல்லாரும் நல்லவர்களாகிவிடுவோம். கடைசிக் காட்சியைப் போடு. நாயகன் பரியனும் அவன் தோழி ஜோவின் அப்பாவும் பேசுகிறார்கள். இரண்டு டீ கிளாஸ் பக்கத்தில் பக்கத்தில் இருக்க, நடுவில் ஒரு மல்லிகைப் பூ. பிறகு கலாத்தியர் 2:11 முதல் 14 வரை. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் மெல்ல எழுந்து விலகிக்கொண்டார். பர்னபாவும் அதில் இழுபட்டான். பவுல் அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை, எல்லார் முன்பாகவும் கேட்டுவிட்டார்.

எங்கள் தெரு வீட்டுக் கூட்டத்தில் நான் இதைப் போட்டேன். 'இதெல்லாம் அந்தக் காலம், இப்போ நம்ம சபையில ஒரே அசனம், ஒரே பந்தி' என்றார் ஒரு பெரியவர். பி.எட் படிக்கிற பெண் ஒருத்தி எழுந்து போய், அலமாரியில் கிடந்த சபைப் பத்திரிகையைக் கொண்டுவந்து, வரன் தேடும் பக்கத்தைச் சத்தமாக வாசித்தாள். இரட்சிக்கப்பட்ட பெண் தேவை. அடுத்த சொல்லே சாதி. அதற்கு அடுத்தது, அதற்கு அடுத்தது என்று ஆறேழு விளம்பரம். அவள் கருத்து என்று எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெரியவரே, 'நானும் போன வருஷம் இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்' என்றார். அதன் பிறகு நடந்த பேச்சைப் பிரசங்கத்தால் நடத்தியிருக்க முடியாது.

அங்கேதான் சாஸ்திரியாரையும் மறுபடி கூப்பிட்டேன். குறவஞ்சியைத் துணிந்து எடுத்த அதே மனிதர், சபையில் சாதி வித்தியாசம் பாராமல் கலந்து உட்கார வேண்டும் என்று புது மிஷனெரிகள் சொன்னபோது எதிர்த்து எழுதினார். அவர் காலத்தோடும் அது முடியவில்லை: வடக்கன்குளம் கோயிலில் சாதிக்கொரு பக்கம் என்று பிரித்து நின்ற சுவரை 1910-ல் இடித்தபோது வழக்கு நீதிமன்றம் வரை போனது. ஜனங்களின் கலையை உள்ளே விடுகிறவனுக்கு ஜனங்களை உள்ளே விடுவது தானாக வந்துவிடாது. உன் குழுவும் புதுமையாகப் படம் போடுகிறோம் என்ற பெருமையிலேயே நின்றுவிடக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. வேதம் படத்துக்கு ஆமாம் போடுகிற இடத்திலேயே நிற்காதே. படத்தில் பரியன் அந்த அப்பாவைக் காட்டிக்கொடுக்காமல், கடைசியில் உட்கார்ந்தும் பேசுகிறான். பவுலோ சபை நடுவிலே கேட்கிறார். எது சரி? உன் பிள்ளைகள் சண்டை போடட்டும். அடிபட்டவனைப் பார்த்து 'மன்னித்துவிடு' என்று அவசரப்படுகிறவர்கள் யார் என்றும் கேள். நீயாக முடிச்சு அவிழ்க்காதே. வீட்டுக்குப் போகிற மின்சார ரயிலிலும் பேசிக்கொண்டு போவார்கள்.

படமே பார்க்காத பெந்தெகொஸ்தே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் வருவதாகச் சொன்னாயே. அவர்களைக் கேலி செய்ய விடாதே. 1 கொரிந்தியர் 8 யாருக்காக எழுதப்பட்டது? அவர்கள் வருகிற நாளில் நகைக்கடை விளம்பரம், வாட்ஸ்அப் பார்வர்டு, ஐபிஎல் ஏலம் என்று ஏதாவது எடு. மனுஷனுக்கு விலை வைக்கிற ஏலத்தைப் பார்த்துவிட்டு, யோசேப்பை இருபது வெள்ளிக்காசுக்கு விற்ற ஆதியாகமம் 37 வாசித்தால் குறைந்தா போய்விடும்?

சபை ஐயரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, அவர் காதுக்கு வேறு வழியாகப் போக வேண்டாம். அவரையும் கூப்பிடு. வந்தால் ஓர நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடு. கடைசிப் பிள்ளை பேசி முடிக்கும்வரை அவரிடம் மட்டும் எதுவும் கேட்டுவிடாதே.

அன்புடன்,
அத்தை