வீட்டு விமானிகள் கவனத்திற்கு

பாடர்போர்ன்-லிப்ஸ்டாட் விமான நிலையத்தை ஒட்டிய ப்யூரன் நகரிலுள்ள ஏரோசாஃப்ட் முதலிய ஜெர்மானிய நிறுவனங்கள் வெளியிடும் விமான நிலையக் காட்சித் தொகுப்புகளை, கணினியில் விமானம் ஓட்டி மகிழும் அன்பர்கள், விளம்பரப் படத்தின் சோபையில் மயங்கி வாங்கிவிடாமல், அத்தொகுப்பு எந்த ஆண்டின் நிலையத்தைச் சித்திரிக்கிறது என்பதை முதற்கண் விசாரித்தல் உசிதம். பிராங்பர்ட்டின் வடமேற்கு ஓடுபாதை 2011 அக்டோபரில்தான் திறக்கப்பட்டதாகையால், அதற்கு முந்திய தொகுப்பில் அங்கே இறங்கப் போகிறவருக்குக் காட்சியளிப்பது கெல்ஸ்டர்பாக் காடுதான்! பெர்லினிலோ, 2020 அக்டோபர் 31இல் பிராண்டன்பர்க் நிலையம் திறக்கப்பட, நவம்பர் 8இல் டேகலிலிருந்து கடைசி விமானம் கிளம்பிற்று. எனினும் அறுகோண முனையம் கொண்ட டேகலைப் பழைய பிரியத்தால் வாங்குவதில் குற்றமில்லை, அந்தச் சபலம் எனக்கும் உண்டு.

ஒரே நிலையத்துக்கு இரண்டு தொகுப்புகளை ஒருசேர வைத்தால் கட்டடத்துக்குள் கட்டடம் முளைக்கும். எக்ஸ்-பிளேனில், காட்சிகளின் வரிசையைக் குறிக்கும் கோப்பில் மேலே உள்ளதற்கே முன்னுரிமையாதலால், நிலையங்களை மேலும் நிலப்பரப்புத் தொகுப்புகளை அடியிலும் வைக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் சிமுலேட்டரில் பெரிய அப்டேட் வருமுன், கம்யூனிட்டி ஃபோல்டரிலுள்ளவற்றை வேறிடத்துக்கு மாற்றி, பின்னர் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்துப் பார்த்தால், தகராறு செய்வது எதுவென்று தானே வெளிப்பட்டுவிடும்.