நல்லெண்ணக் குழுக்கள்

நுழையும்முன்

வகுப்பில் உங்கள் அருகில் அமர்பவர் தம் வீட்டில் எந்த மொழி பேசுகிறார்? அவர் கொண்டாடும் விழா எது? பல இனத்தவர் ஒரே ஊரில் வாழும்போது அவர்களிடையே நம்பிக்கை எவ்வாறு குலைகிறது, எவ்வாறு மீள்கிறது என்பதைச் சிங்கப்பூரின் வரலாறு கொண்டு விளக்குகிறது இப்பாடம்.

நான்கு மொழிகளின் நாடு

சிங்கப்பூர் ஒரு சிறிய தீவு நாடு. சீனர், மலாய்க்காரர், இந்தியர் முதலிய இனத்தவர் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். பிழைப்புத் தேடிக் கடல் கடந்து சென்ற தமிழரும் அவர்களுள் அடங்குவர். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கும் அந்நாட்டின் ஆட்சிமொழிகள். இன்று அமைதிக்குப் பெயர்பெற்ற அந்நாடு, 1964ஆம் ஆண்டில் இருமுறை இனக்கலவரத்தால் துன்புற்றது.

கலவரமும் வதந்தியும்

அப்போது சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு மாநிலமாக இருந்தது. அரசியல் கட்சிகளிடையே எழுந்த பூசல், மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையே கசப்பை வளர்த்திருந்தது. 1964 ஜூலை 21 அன்று நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலம் நடைபெற்றது. அப்போது மூண்ட சண்டை பெருங்கலவரமாக மாறியது. அன்றிரவே ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. அக்கலவரத்தில் 23 பேர் உயிரிழந்தனர்; 454 பேர் காயமுற்றனர்.

கலவரத்தோடு வதந்தியும் பரவியது. 'ஊர் வாயை மூட உலைமூடி இல்லை' என்பது பழமொழி. அடுத்த தெருவில் நடந்தது இன்னதென்று அறிய வழியற்றவர்கள், காதில் விழுந்ததை நம்பினர். அண்டை வீட்டாரையே அஞ்சும் நிலை உண்டாயிற்று.

குழுக்களின் பணி

அதே மாதத்தில் தொகுதிதோறும் நல்லெண்ணக் குழுக்கள் அமைக்கப்பட்டன. மக்களின் மதிப்பைப் பெற்ற பல இனத் தலைவர்கள் அவற்றில் இடம்பெற்றனர். அவர்களிடம் ஆயுதம் இல்லை. தண்டிக்கும் அதிகாரமும் இல்லை. மக்கள் அவர்கள்மீது வைத்திருந்த நம்பிக்கையே அவர்களின் வலிமை. அவர்கள் மக்களின் குறைகளைக் கேட்டனர், அச்சத்தைத் தணித்தனர், வதந்திகளை மறுத்துரைத்தனர்.

கலவர காலத்தில் மாற்று இனத்தவர் கூறும் உண்மையையும் மனம் ஐயுறும். தம் இனத்துப் பெரியவர் கூறினால் செவிசாய்க்கும். குழுக்களில் எல்லா இனத்தவரும் இருந்தமையால், ஒரே செய்தியை ஒவ்வோர் இனத்தவரும் தாம் நம்பும் ஒருவரிடமிருந்து கேட்க முடிந்தது. ஆகஸ்ட் 2 அன்று ஊரடங்கு விலக்கப்பட்டது.

மீண்டும் ஒரு சோதனை

ஆயினும், செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் கலவரம் மீண்டும் வெடித்தது. அதில் 13 பேர் மாண்டனர். 106 பேர் காயமுற்றனர். அவ்வாறாயின் நல்லெண்ணக் குழுக்கள் தோற்றனவா? நெடுநாள் கசப்பைச் சில வாரங்களில் ஆற்றுதல் எவருக்கும் அரிது. காயத்திற்கு மருந்திடுவது வேறு. காயம் படாமல் காப்பது வேறு. முன்னதைக் குழுக்கள் இயன்ற அளவு செய்தன. பின்னதற்கு நீண்டகால உழைப்பு தேவைப்பட்டது.

அமைதிக் காலத்து உழைப்பு

அவ்வுழைப்பு பல வடிவங்களில் தொடர்ந்தது. பல சமயத் தலைவர்கள் கூடி 1949இலேயே தொடங்கிய அமைப்பு இன்று பத்துச் சமயங்களை இணைக்கிறது. 1989 முதல், அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒவ்வோர் இனத்தவரும் வாங்கக்கூடிய வீடுகளுக்கு வரம்பு விதிக்கப்பட்டது. ஓரினத்தவர் மட்டும் ஒரே இடத்தில் குவியாமல், பல இனத்தவரும் கலந்து வாழ்வதே இதன் நோக்கம். வீட்டை விற்க முனையும் சிறுபான்மையினர் சிலருக்கு இவ்விதியால் இடர் நேர்வதும் உண்டு.

2001ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்த பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பின், இனங்களுக்கிடையே ஐயம் தோன்றக்கூடும் என்ற கவலை எழுந்தது. ஆகவே 2002இல் தொகுதிதோறும் இன நம்பிக்கைக் குழுக்கள் உருவாக்கப்பட்டன. 1964இல் தலைவர்கள் கலவரத்திற்குப் பின் கூடினர். இம்முறை கலவரம் நிகழாதிருக்கவே கூடினர்.

ஆண்டுதோறும் ஜூலை 21 அன்று சிங்கப்பூர்ப் பள்ளிகள் இன நல்லிணக்க நாளைக் கொண்டாடுகின்றன. மாணவர்கள் பிற இனத்தவரின் உடைகளையும் அணிந்து மகிழ்கின்றனர். அந்நாள் துயரம் நிகழ்ந்த நாளே என்பதையும் அவர்கள் கற்கின்றனர்.

ஊரில் ஒரு பொய் பரவும்போது, எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "இது உண்மையா?" என்று கேட்கும் உரிமை ஒருவருக்கு இருத்தல் வேண்டும். அவ்வுரிமை கலவர நாளில் கிட்டுவதன்று. அமைதி நிலவும் நாள்களில் சிறிது சிறிதாக ஈட்டப்படுவது.

சொல்லும் பொருளும்

பூசல் – சண்டை, சச்சரவு
வதந்தி – உறுதிப்படாத செய்தி
ஐயுறும் – சந்தேகப்படும்
இடர் – துன்பம்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. சிங்கப்பூரின் ஆட்சிமொழிகள் ______.
2. நல்லெண்ணக் குழுக்கள் அமைக்கப்பட்ட ஆண்டு ______.

ஆ. பிரித்து எழுதுக.
1. நல்லெண்ணம் = ______ + ______
2. பெருங்கலவரம் = ______ + ______

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. நல்லெண்ணக் குழுவினரின் வலிமை எது?
2. குழுக்களில் எல்லா இனத்தவரும் இடம்பெற்றதன் பயன் யாது?

ஈ. சிந்தித்து எழுதுக.
வீடுகளுக்கு இன வரம்பு விதிப்பதன் நன்மை, இடர் ஆகிய இரண்டையும் ஆராய்ந்து, உமது கருத்தைக் காரணத்துடன் ஒரு பத்தியில் எழுதுக.

உ. செயல்பாடு
வேறு மொழி பேசும் அண்டை வீட்டார் ஒருவரிடம், அவர்தம் குடும்பம் இவ்வூருக்கு வந்த வரலாற்றைக் கேட்டு, பத்து வரிகளில் தமிழில் எழுதுக. எழுதியதை அவருக்கு அவர் அறிந்த மொழியில் எடுத்துரைத்து, பிழை இருப்பின் திருத்துக.