அடைத்த சாலைக்குப் பக்கத்தில் ஒரு சந்து

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. நடந்தால் நெஞ்சை அழுத்துகிறது என்றதால் ஆஞ்சியோகிராம் எடுத்தோம். வலது தமனி முழுசாக அடைத்திருக்கிறதாம். “கொலேட்டரல் வந்திருக்கு, அதனாலதான் அட்டாக் வரல” என்றார் டாக்டர். ஆக்சிஜன் இல்லாமல் தவித்த இதயம் புதுக் குழாயை முளைக்க வைத்ததா? ஊசி போட்டு அதை இன்னும் வளர்க்க முடியாதா?

பதில்: முளைக்கவில்லை, இருந்ததுதான் பருத்திருக்கிறது. இதயத் தமனிகளுக்கிடையே கொலேட்டரல் என்ற மெல்லிய இணைப்புகள் பலருக்குப் பிறவியிலேயே உண்டு. இரு முனையிலும் அழுத்தம் சமம் என்பதால் அவற்றில் ரத்தம் பெரிதாக ஓடுவதில்லை. ஒரு தமனி அடைபட்டதும் அடைப்புக்கு அப்பால் அழுத்தம் விழுகிறது. ஆளில்லாச் சந்து மாதிரி கிடந்த இணைப்பில் ரத்தம் பாய ஆரம்பிக்கிறது.

அந்தப் பாய்ச்சலின் உராய்வுதான் முதல் சமிக்ஞை. ஆக்சிஜன் பசி அல்ல. இதைக் காலில் பார்த்தால் எளிதில் புரியும்: தொடைத் தமனி அடைத்தால் பசி கெண்டைக்காலில், வளரும் குழாயோ ஆக்சிஜனுக்குக் குறைவில்லாத தொடையில். பசி எழுப்பும் வி.இ.ஜி.எஃப் என்ற புரதம் தந்துகிகளைப் பெருக்கும். ஆனால் தந்துகிகள் எத்தனை வந்தாலும் ஒரு தமனிக்கு ஈடாகாது. குழாயின் விட்டம் இரட்டித்தால், அதே அழுத்தத்தில் ஓட்டம் 16 மடங்காகும்.

குழாயின் உள்சுவர் செல்கள் உராய்வை உணர்ந்ததும் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கின்றன, குழாய் விரிகிறது. கூடவே எம்.சி.பி-1 என்ற மூலக்கூறை வெளியிட்டு, ரத்தத்தில் போகும் மோனோசைட் என்ற வெள்ளையணுக்களைக் கூப்பிடுகின்றன. வந்தவை சுவரில் ஒட்டி, உள்ளே நுழைந்து, மேக்ரோஃபேஜ்களாக மாறி, பழைய சுவரை நொதிகளால் அரிக்கின்றன. வளர்ச்சிக் காரணிகளையும் கொட்டுகின்றன. தசைச் செல்கள் பெருகிப் புதுச்சுவர் எழுகிறது. வீட்டில் ஆள் இருக்கும்போதே சுவரை இடித்துப் பெரிதாக்குகிற மாதிரிதான். ஜெர்மனியின் பாட் நௌஹைமில் வொல்ஃப்காங் ஷாப்பரின் குழு இதில் பெரும்பகுதியை விலங்குகளில் பிரித்துக் காட்டியது.

ஆனால் குழாய் அகலமானதும் உராய்வு குறைகிறது, சமிக்ஞை அடங்குகிறது, வேலை பாதியில் நிற்கிறது. பழைய தமனியின் முழுத்திறனில் சுமார் 40 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. உட்கார்ந்திருக்கும்போது சும்மா இருக்கும் அப்பாவின் நெஞ்சு மாடிப்படியில் முறையிடுவது இதனால்தான்.

ஊசி? முயலின் காலில் எம்.சி.பி-1 செலுத்தியபோது பக்கத் தமனிகள் வேகமாக வளர்ந்தன. 1997-லேயே வெளிவந்த செய்தி. வம்பு என்னவென்றால், தமனியில் கொழுப்புப் படிவுக்குள் மோனோசைட்டுகளை இழுத்து அதை வளர்ப்பதும் இதே மூலக்கூறுதான். அப்பாவின் மற்றத் தமனிகளை நினைத்தால், எனக்கு அந்த ஊசியில் ஆசையில்லை. மோனோசைட்டுகளைப் பெருக்கும் ஜி.எம்-சி.எஸ்.எஃப் மருந்தைக் கால் தமனி நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். 2005-இல் முடிவு வந்தது: போலி மருந்து பெற்றவர்களைவிட நடக்கும் தூரம் கூடவில்லை.

உராய்வைக் கூட்ட நம் கையில் இருப்பது உடற்பயிற்சி. நெஞ்சுவலிக்கு ‘ஆஞ்சைனா’ என்று பெயர் வைத்த லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன், தினமும் அரைமணி நேரம் மரம் அறுத்தே கிட்டத்தட்டக் குணமான ஒருவரைப் பற்றி 18-ஆம் நூற்றாண்டிலேயே குறித்துவைத்திருக்கிறார். அதற்காக அப்பா கையில் ரம்பத்தைக் கொடுத்துவிடாதீர்கள்! எவ்வளவு நடக்கலாம் என்பதை இதய மருத்துவரிடம் கேட்டு ஆரம்பியுங்கள். மாத்திரைகளை நிறுத்தக் கூடாது. சும்மா இருக்கும்போதே நெஞ்சு வலித்தால், கொலேட்டரலை நம்பி வீட்டில் காத்திருக்க வேண்டாம். உடனே அவசரச் சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.