பாறையில் எழுதிய கணக்கு

அன்பின் மருமகளுக்கு,

உயர்தரப் பரீட்சை முடிந்ததும் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு வருகிறாய் என்று அம்மா போனில் சொன்னா. தலதா மாளிகைக்கும் பேராதனைப் பூங்காவுக்கும் வழிகாட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வரலாறு படித்த பிள்ளை நீ, ஒரு முழு நாளை உடுநுவரைக்கு ஒதுக்கிவை. கடலாதெனிய, லங்காதிலக என்ற இரண்டு பழைய விகாரைகளும் எம்பெக்கே தேவாலயமும் அங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றைப் பார்க்கும் விதத்தை இப்போதே எழுதிவிடுகிறேன், நேரில் சொன்னால் நீ போனை நோண்டிக்கொண்டிருப்பாய்.

இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் பழைய துறவி மடங்களின் தேவாலயங்களைத் தேடிப் போய்ப் பார்ப்பார்கள். அவற்றில் பல இன்று கூரையில்லாத சுவர்கள்தான். எட்டாம் ஹென்றி 1536க்கும் 1540க்கும் இடையில் மடங்களைக் கலைத்து நிலங்களை எடுத்துக்கொண்டான். கூரையில் கிடந்த ஈயத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. நிலம் போனதோடு மடமும் போயிற்று. ஆனால் உடுநுவரையில் இன்றும் பூசை நடக்கிறது. ஆகவே இந்த விகாரைகளுக்குப் போனால் தூணையும் சிலையையும் ரசிப்பதற்கு முன்னால், இவ்வளவு காலமும் இதற்குச் சோறு போட்டது யார் என்று கேள். அதற்கு விடை பாறையிலேயே வெட்டியிருக்கிறது.

கண்டியிலிருந்து கொழும்பு வீதியால் போகும் பஸ்ஸில் ஏறி பிலிமத்தலாவையில் இறங்கு. அங்கிருந்து தவுலகல வீதியில் திரும்பினால் கொஞ்சத் தூரத்தில் கடலாதெனிய. வழியில் கிரிவவுல கிராமத்துப் பித்தளைக் கடைகளில் குத்துவிளக்கு கண்ணைப் பறிக்கும். வாங்குவதானால் திரும்பும்போது வாங்கு, பாரம் தூக்கிக்கொண்டு பாறை ஏறாதே.

கடலாதெனிய பெரும்பாலும் கருங்கல். தட்டையான பெரும் பாறையின் மேல் நிற்கிறது. முன்மண்டபத் தூண்களையும் கருவறைக்கு மேலுள்ள சிகரத்தையும் பார்த்தால் தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றுக்குள் வந்துவிட்டோமோ என்று உனக்குத் தோன்றும். உள்ளே இருப்பவர் புத்தர். பக்கத்துச் சந்நிதியில் விஷ்ணு. 1344இல், கம்பளையில் நான்காம் புவனேகபாகு ஆண்டபோது, தர்மகீர்த்தி என்ற மகாதேரர் இதைக் கட்டுவித்தார். கட்டிய சிற்பாசாரியின் பெயர் கணேஸ்வராச்சாரி என்று கல்வெட்டுச் சொல்கிறது. பெயரே அவர் எந்தப் பக்கத்து ஆள் என்று காட்டிவிடுகிறது. ஆந்திராவில் அமராவதி இருக்கிறதே, அந்தப் பழைய தான்யகடகத்தில் நடந்த திருப்பணியையும் இதே கல்வெட்டுக் குறிப்பிடுகிறது. மலைநாட்டு மடம் ஒன்றின் கை கிருஷ்ணா நதிக்கரை வரை நீண்டிருந்த காலம் அது. மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு, சிவனொளிபாதமலை ஏறியதும் அதே 1344ஆம் ஆண்டை ஒட்டித்தான். பாடப்புத்தகத்தில் இவையெல்லாம் தனித்தனி அத்தியாயங்களாகக் கிடக்கும்.

அங்கிருந்து லங்காதிலகவுக்கு மூன்று கிலோமீற்றர் அளவில் இருக்கும். நடந்தே போ. வயலும் வீட்டுத்தோட்டமும் கடந்து போகும்போதுதான் இந்த விகாரைகள் எந்த மண்ணின் விளைச்சலில் நின்றன என்பது புரியும். கால் வலித்தால் ஓட்டோ இருக்கவே இருக்கிறது.

லங்காதிலக செங்கல் கட்டடம். மேல்மாடிகள் எப்போதோ விழுந்துபோக, இப்போது தலையில் கண்டிப் பாணி ஓட்டுக் கூரை. அமைச்சர் சேனாலங்காதிகாரர் கட்டுவித்தார், ஸ்தபதி ராயர் கட்டினார். ஒரு பக்கம் புத்தர் மனை. சுற்றி உபுல்வன், சமன், விபீஷணன், கணபதி, கந்தகுமாரர் என்று தெய்வங்களுக்கு இடம். நீ போனதும் உள்ளே ஓடாதே, பாறையைப் பார். அங்கே நீளமான சிங்களச் சாசனம் இருக்கிறது, தமிழிலும் ஒரு சாசனம் இருக்கிறது. விகாரைக்கு என்னென்ன நிலம், என்னென்ன வருமானம் என்ற விவரம் அதில். கண்டி மலைகளுக்கு நடுவே, பௌத்த விகாரையின் சொத்துக் கணக்கைத் தமிழிலும் வெட்டி வைத்திருக்கிறார்கள் என்றால், அதைப் படிக்கவும் அதற்குக் கட்டுப்படவும் வேண்டிய தமிழர்கள் அந்த வட்டாரத்தில் இருந்திருக்கிறார்கள் என்பதுதானே பொருள்? இதை வைத்து இன்று யார் நிலம் என்று சண்டைக்குக் கிளம்புகிறவர்கள் இரு பக்கத்திலும் உண்டு. அவர்கள் பேச்சைக் கேட்காதே. சாசனம் சொல்வதை மட்டும் கேள். பேராசிரியர் சி. பத்மநாதன் இலங்கைத் தமிழ்ச் சாசனங்களைத் தொகுத்து எழுதியிருக்கிறார். உங்கள் ஊர் நூலகத்தில் தேடிப் படித்துவிட்டு வந்தால் பாதி வேலை முடிந்தது.

நிலம் கொடுத்தால் போதுமா? அதை உழுத குடும்பங்கள் பதிலுக்கு விகாரைக்கு வேலை செய்தன. ஒரு வீடு மேளம் அடிக்கும், ஒரு வீடு நெல் கொண்டுவரும், ஒரு வீடு பெரஹராவில் கொடி பிடிக்கும். இதை ராஜகாரியம் என்பார்கள். இந்த ஊழியத்தைப் பணமாக மாற்றிக்கொள்ள 1870இல் ஆங்கில அரசு சட்டம் போட்டது. ஆனாலும் பரம்பரை உரிமையாக அதை விடாமல் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

எம்பெக்கேயில் இருப்பவர் நம்முடைய கதிர்காமக் கந்தன்தான். மூன்றாம் விக்கிரமபாகு காலத்துக் கோயில். மேள மண்டபத்து மரத்தூண்களில் மல்லர், குதிரைவீரன், இரட்டைத்தலைப் பறவை, பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய் என்று ஒவ்வொரு சதுரத்திலும் ஒன்று. எல்லோரும் தூணைப் படம்பிடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நீ மண்டபத்தின் ஒரு முனையில் நின்று அண்ணாந்து பார். சரிவாக இறங்கும் 26 கைமரங்களையும் ஒரே ஒரு பெரிய மரமுளை ஒன்றுசேர்த்துப் பிடித்திருக்கும். எனக்கு அத்தனை சிற்பத்தைவிட அந்த முளைதான் பெரிது.

தோளும் முழங்காலும் மூடிய வெள்ளை உடுப்பு நல்லது. செருப்பையும் தொப்பியையும் வாசலில் கழற்ற வேண்டும். நடுப்பகலில் பாறை காலைச் சுடும், எனவே காலையிலேயே புறப்படு. புத்தருக்கு முதுகைக் காட்டி நின்று செல்பி எடுக்காதே. எழுத்துத் தெளிவாகத் தெரியட்டும் என்று சாசனத்தின் மேல் சோக்கோ மாவோ பூசாதே, கல் கெட்டுப்போகும். சாய்ந்த வெயிலில் எழுத்து தானாகவே எழும்பி நிற்கும். அப்போது உன்னால் வாசிக்க முடிந்த தமிழ்ச் சொற்களைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வா, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
மாமா