மினாக்சிடில் பாட்டிலில் வேறென்ன இருக்கிறது?

முடி வளர மினாக்சிடில் வாங்குகிறவர்கள் 2 சதவீதமா, 5 சதவீதமா என்று மட்டும் பார்ப்பார்கள். பாட்டிலைத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தையும் படியுங்கள்.

முதலில் புரொப்பிலீன் கிளைக்கால் இருக்கிறதா என்று தேடுங்கள். மினாக்சிடில் தண்ணீரில் லேசில் கரையாது. அதனால் ஆல்கஹாலும் கிளைக்காலும் சேர்க்கிறார்கள். ஆல்கஹால் சட்டென்று ஆவியாகிவிடும். கிளைக்கால் தங்கி, மருந்தைக் கரைந்த நிலையிலேயே வைத்துத் தோலுக்குள் இறங்க விடும். பிசுபிசுப்பும் சிலருக்கு வரும் அரிப்பும் பெரும்பாலும் அதன் வேலைதான். முடியில் வெள்ளைத் துகள் தெரிந்தால் பொடுகு என்று பதற வேண்டாம், காய்ந்த மருந்தாகவும் இருக்கலாம்.

அரித்தால் உடனே மருந்தைக் குறை சொல்லாமல், கிளைக்கால் இல்லாத நுரை வகைக்கு மாறிப் பாருங்கள். அமெரிக்காவில் 2006-லேயே அது வந்துவிட்டது. அதிலும் அரித்தால் நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள்.

அடுத்து, ட்ரெடினாயின் என்ற மருந்து கலந்திருக்கிறதா என்று பாருங்கள். மயிர்க்காலில் உள்ள ஒரு நொதி மினாக்சிடிலை மினாக்சிடில் சல்பேட்டாக மாற்றினால்தான் பலன். அந்த நொதியை ட்ரெடினாயின் தூண்டுகிறது; மருந்து தோலைக் கடப்பதையும் கூட்டுகிறது. ரத்தத்தில் சேரும் அளவும் கூடலாம் என்பதுதான் சிக்கல். மினாக்சிடில் ரத்த அழுத்த மாத்திரையாகப் பிறந்தது என்பதை மறக்கக் கூடாது. படபடப்போ தலைசுற்றலோ வந்தால் நிறுத்துங்கள்.

ஃபினாஸ்டிரைடு என்ற மருந்து கலந்த பாட்டிலை மருத்துவர் சொல்லாமல் வாங்கவே வேண்டாம். தலையில் தடவினாலும் ரத்தத்துக்குப் போகும். ஆண்மைக் குறைபாடு, மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகள் வரலாம். கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது.

விளக்கெண்ணெய், வெங்காயச் சாறு எதையும் பாட்டிலுக்குள் ஊற்றாதீர்கள். கரைசலின் கணக்குக் கெட்டுவிடும். எண்ணெய் வைக்காமல் இருக்க முடியாதென்றால், வைத்து ஊறி, அலசிக் குளித்து, தலை நன்றாகக் காய்ந்தபின் மருந்து. ஒரு வேளைக்கு 1 மில்லி, முடிக்கல்ல, வகிடு பிரித்துத் தோலுக்கு. பிறகு கை கழுவுங்கள். 4 மணி நேரம் தலையை நனைக்காதீர்கள். வீட்டில் பூனை இருந்தால் கூடுதல் கவனம்: மினாக்சிடில் அதற்குக் கொடிய விஷம், தலையணையை நக்கினாலே ஆபத்து.

கலவை எதுவும் இல்லாத சாதா மருந்தில் தொடங்குங்கள். முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டலாம். அதைக் கண்டு பிராண்டை மாற்றாமல் 4 மாதமாவது பாருங்கள். பிறகு மாற்றுவதானால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் எது பலன் தந்தது, எது அரித்தது என்று மருத்துவராலும் சொல்ல முடியாது.